நம்பிக்கையும் எதிர்நோக்கும்: தமிழ்க் கிறித்தவ இறுதிக்காலச் சொல்லாட்சி – முல்லை மரபு வழி ஒரு திறனாய்வு

முன்னுரை

இறுதிக்காலம் பற்றிய கிறித்தவக் கோட்பாடு கிறித்துவின் இரண்டாம் வருகை, இறந்தோர் உயிர்த்தெழுதல், இறுதித் தீர்ப்பு, புதிய விண்ணும் புதிய மண்ணும் ஆகிய நான்கையும் உள்ளடக்கியது. இவை நான்கும் இனி வரவிருப்பவை. ஆகவே இவற்றைப் பற்றிய மனநிலையைக் குறிக்கும் சொல், காலத்தைத் தன்னுள் கொண்ட சொல்லாக இருத்தல் வேண்டும். கிரேக்க மூலத்தில் ‘எல்பிஸ்’ என்னும் சொல் இப்பணியைச் செய்கிறது. இதற்குத் தமிழில் இன்று இரு சொற்கள் வழங்குகின்றன. சீர்திருத்தச் சபையினரின் வேதாகமம் ‘நம்பிக்கை’ என்கிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் ‘எதிர்நோக்கு’ என்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று வந்ததாகத் தோன்றும் இம்மாற்றம், தமிழ்க் கிறித்தவர் இறுதிக்காலத்தை எவ்வாறு எண்ணி வந்தனர், எவ்வாறு எண்ணக்கூடும் என்னும் வினாவை எழுப்புகிறது. அவ்வினாவைச் சொல்வரலாறு, காப்பியம், அகமரபு ஆகிய மூன்றன் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூன்று சொற்களும் நான்கு மொழிகளும்

பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரம் நிலைத்து நிற்பவை மூன்று எனக் குறிப்பிடுகிறது. 1714–1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் தொடங்கி, பபிரிசியுசின் மொழிபெயர்ப்பின் வழியாக, 1871இல் முழுமையுற்ற பவர் குழுவினரின் மொழிபெயர்ப்பு வரை தமிழ் விவிலிய மரபு நீண்டது. அம்மரபின் பயனாக நிலைபெற்ற வேதாகமத்தில் அம்மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என அமைந்துள்ளன. கத்தோலிக்கரின் பழைய மன்றாட்டுகளும் விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி என்றே பெயர் பெற்றிருந்தன. திருவிவிலியத்தில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என மாறின. இங்கு ‘விசுவாசம்’ என்னும் வடசொல் நீங்கியது மட்டும் நிகழவில்லை. இரண்டாம் இடத்தில் இருந்த ‘நம்பிக்கை’ முதலிடத்திற்குப் பெயர்ந்தது; வெற்றிடமான இரண்டாம் இடத்திற்கு ‘எதிர்நோக்கு’ வந்தது.

இப்பெயர்ச்சியின் இயல்பைத் தமிழை மட்டும் கொண்டு நோக்குவோர்க்கு அது தனித்தமிழ் ஆர்வத்தின் விளைவாகவே தோன்றும். தமிழும் கன்னடமும் அருகருகே வழங்கும் மைசூரு போன்ற நகரிலிருந்து நோக்கும்போது வேறொரு காட்சி கிடைக்கிறது. கன்னடச் சீர்திருத்தச் சபையினரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் சத்தியவேதத்தில் அம்மூன்று சொற்களும் ‘நம்பிகெ, நிரீக்ஷெ, ப்ரீதி’ என உள்ளன. தமிழ் நம்பிக்கையும் கன்னட நம்பிகெயும் ஒரே வேரின. ஆயினும் பழைய தமிழ் வேதாகமத்தில் இரண்டாம் இடத்தில் நிற்கும் சொல், கன்னடத்தில் முதலிடத்தில் நிற்கிறது. தெலுங்கு ‘விசுவாசமு, நிரீக்ஷண, பிரேம’ என்கிறது. மலையாளம் ‘விசுவாசம், பிரத்யாச, சிநேகம்’ என்கிறது. இரு மொழியும் அறிந்த மைசூருத் தமிழ்க் கிறித்தவர் ஒருவர் பழைய தமிழ் வேதாகமத்தையும் கன்னட வேதத்தையும் ஒருசேரப் படிப்பாராயின், ஒரே வேர்ச்சொல் ஒன்றில் இறைப்பற்றையும் மற்றொன்றில் வருங்கால எதிர்பார்ப்பையும் குறிப்பதைக் காண்பார்.

கன்னடமும் தெலுங்கும் இரண்டாம் இடத்திற்கு ‘ஈக்ஷ்’ (நோக்கு) என்னும் வடமொழி வேரினின்று பிறந்த சொல்லைத் தேர்ந்தன. 1995இல் தமிழ் தேர்ந்த சொல்லிலும் நோக்குதலே உள்ளது. எனவே எதிர்நோக்கு என்பதைத் தமிழ் தன் அண்டை மொழிகளோடு கருத்தளவில் ஒன்றிய இடம் என மதிப்பிடுவதே பொருத்தமாகும். தனித்தமிழ் ஆர்வம் சொல்லின் வடிவத்தை விளக்கும். சொல்லின் பொருளை விளக்காது.

நம்பு: நசையும் உறுதியும்

பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பிழைபட்டனரா என்னும் வினா அடுத்து எழுகிறது. தொல்காப்பிய உரியியல் ‘நம்பு’ என்னும் உரிச்சொல்லுக்கு நசை என்று பொருள் உரைக்கிறது. நசை என்பது விருப்பம். கைக்கு எட்டாத ஒன்றை அவாவுதல். இப்பொருள் எல்பிஸ் என்னும் சொல்லுக்கு மிக நெருங்கியது. வருவதை விரும்பிக் காத்திருத்தலே அதன் உள்ளீடு. ஆகவே நம்பிக்கை என்னும் சொல்லை இரண்டாம் இடத்தில் அமைத்தோர் சொல்லின் தொன்மைப் பொருளுக்கு மாறாகச் செல்லவில்லை. மாறியது சொல்லின் வழக்கேயாகும். இற்றைத் தமிழில் நம்புதல் என்பது ஒருவர் மீதோ ஒன்றன் மீதோ ஐயமின்றிச் சார்ந்திருத்தல். விருப்பம் பின்தள்ளப்பட்டு உறுதி முன்வந்துள்ளது.

இம்மாற்றம் வாசிப்பில் விளைவிக்கும் இடர் சிறிதன்று. உரோமையருக்கு எழுதிய திருமுகம் 8:24இல், மீட்பு எல்பிஸ் என்பதனோடு இணைத்துப் பேசப்படுகிறது. அங்கு ‘நம்பிக்கை’ எனப் படிக்கும் இன்றைய வாசகர், இறைப்பற்றால் மீட்பு உண்டு என்னும் பழகிய போதனையின் மறுகூற்றாகவே அதனைக் கொள்வார். படைப்பு முழுவதும் பெருமூச்சு விட்டுக் காத்திருக்கிறது என்று அவ்வதிகாரம் விரிக்கும் காலப்பொருள் அவர் கருத்திற்கு வாராது போகும். எபிரேயர் 11:1இல் இவ்விடர் மேலும் தெளிவாகப் புலப்படுகிறது. அங்கு இரு சொற்களும் ஒரே வரையறைக்குள் வருகின்றன. பழைய மொழிபெயர்ப்பு முதற்சொல்லை விசுவாசம் எனவும், இரண்டாம் சொல்லின் வினைவடிவை ‘நம்பப்படுகிறவை’ எனவும் தருகிறது. இன்றைய செவிக்கு இரண்டும் ஒன்றே. வரையறை தன்னைத் தானே விளக்குவதாக ஒலிக்கிறது. திருவிவிலியம் இரண்டாவதற்கு எதிர்நோக்குதல் என்னும் வினையைக் கொள்வதால் வரையறை மீண்டும் உயிர்பெறுகிறது.

பழைய மொழிபெயர்ப்பும் இக்குறையை ஓரளவு உணர்ந்திருந்தது எனக் கருத இடமுண்டு. தீத்துவுக்கு எழுதிய திருமுகம் 2:13இல், இரண்டாம் வருகையைச் சுட்டும் இடத்தில், நம்பு என்னும் வினையோடு எதிர்பார் என்னும் வினையும் ஒரே தொடரில் அமைந்துள்ளது. மூலத்திலும் அங்கு எல்பிசோடு காத்திருத்தலைக் குறிக்கும் தனிச்சொல் ஒன்று நிற்கிறது. அதற்குத் தமிழில் இயல்பாக வந்து வாய்த்த முன்னொட்டு ‘எதிர்’ என்பது கருதத்தக்கது.

தொல்காப்பியம் முக்காலத்தையும் கூறுங்கால் வருங்காலத்தை ‘எதிர்வு’ என்கிறது. தமிழ் இலக்கண மரபில் வருங்காலம் என்பது மனிதன் நடந்து சென்று அடையும் இடமன்று. அது எதிரே வருவது. செருமானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் (1926–2024), 1964இல் வெளியிட்ட எதிர்நோக்கின் இறையியல் என்னும் பொருளுடைய நூலால் இறுதிக்காலக் கோட்பாட்டை இறையியலின் நடுவிடத்திற்குக் கொணர்ந்தவர். நிகழ்காலத்திலிருந்து வளர்ந்து உருவாகும் எதிர்காலம் ஒன்று, அப்பாலிருந்து வந்து சேரும் எதிர்காலம் மற்றொன்று என அவர் இலத்தீன் சொற்களைக் கொண்டு பிற்காலத்தில் வேறுபடுத்தினார். அவர் வலியுறுத்திய இரண்டாம் வகைக்கு எதிர்வு என்னும் தமிழ்ச்சொல் தானே உருவமாக அமைகிறது எனலாம்.

போதலின் இலக்கியம்: இரட்சணிய யாத்திரிகம்

சொல் இவ்வாறாக, தமிழ்க் கிறித்தவக் காப்பியம் இறுதிக்காலத்தை எவ்வாறு படைத்தது என்பது அடுத்து நோக்கத்தக்கது. எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம், ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையைத் தழுவியது. நற்போதகம் இதழில் தொடராக வந்து 1894இல் நூலுருப் பெற்றது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்து பிரிவுகளை உடையது. கம்பரின் நடையையும் ஆழ்வார், நாயன்மார் பாடல்களின் உருக்கத்தையும் உட்கொண்டு, மூலக்கதையில் இல்லாத கிறித்துவின் பாடுகளையும் விரித்துப் பாடியதால் அது தழுவல் என்னும் நிலையைக் கடந்து நிற்கிறது.

பனியனின் கதையில் இறுதிக்காலம் இரு வடிவில் உள்ளது. கதைத்தலைவன் தன் நகர் விண்ணிலிருந்து வரும் நெருப்பால் அழியும் என அஞ்சிப் புறப்படுகிறான். வழியில் இறுதித் தீர்ப்பைக் கனவில் கண்டு நடுங்கும் ஒருவனைச் சந்திக்கிறான். இவை உலகின் முடிவைச் சுட்டுவன. ஆயினும் கதையின் முடிவு உலகின் முடிவன்று. பாலமற்ற ஓர் ஆற்றைக் கடந்து அவன் விண்ணக நகரை அடைவதே முடிவு. அவ்வாறு தனிமனிதனின் மரணம். ஊழித்தீயில் தொடங்கிய கதை மரண ஆற்றில் முடிகிறது.

தமிழில் இவ்வமைப்பு மேலும் வலுப்பெற்றதற்குத் தமிழ்ச் சமயமரபு காரணமாயிற்று. வீடு என்னும் சொல் விடுதலையையும் இல்லத்தையும் ஒருங்கே குறிப்பது. உயிர் பிறவிக்கடலைக் கடந்து இறைவன் திருவடியை அடைதல் என்பது வைணவராகப் பிறந்த கிருட்டிணபிள்ளைக்கும் அவர்தம் வாசகர்க்கும் பழகிய பொருள். பனியனின் கதை உரைநடையில் ‘மோட்சப் பிரயாணம்’ என்னும் பெயரால் பரவியதும் இங்குக் கருதத்தக்கது. கதையின் திசை ‘போதல்’. உயிர் இங்கிருந்து அங்கு செல்கிறது. விவிலியத்தின் இறுதி நூலாகிய திருவெளிப்பாடு 21ஆம் அதிகாரமோ இதற்கு எதிர்த்திசையில் அமைந்துள்ளது. அங்கு மனிதர் நகரை நோக்கி ஏறுவதில்லை. புதிய எருசலேம் நகர் விண்ணிலிருந்து மண்ணை நோக்கி இறங்கி வருகிறது. திசை ‘வருதல்’.

போதல், வருதல் என்னும் இவ்வேறுபாடு வெறும் கற்பனை வேறுபாடு அன்று. போதலை மட்டும் கொண்ட நம்பிக்கை, இவ்வுலகை விட்டுச் செல்லத்தக்க இடமாகவே காணும். வருதலைக் கொண்ட நம்பிக்கை, இவ்வுலகையும் உடலையும் புதுப்பிக்கப்படவிருக்கும் பொருளாகக் காணும். தமிழ்க் கிறித்தவரின் கல்லறைகளில் இறந்தோரை ‘நித்திரையடைந்தார்’ என எழுதும் வழக்கம் இரண்டாவதற்குச் சான்று. துயில்வோர் எழுவர் என்பதே அதன் உட்பொருள். காப்பியம் போதலைப் பாட, கல்லறைக்கல் வருதலைக் காத்து நிற்கிறது.

பனியனின் கதையிலேயே மற்றொரு நுட்பமும் உண்டு. பற்றுறுதியின் உருவகமான துணைவன் இடைவழியில் கொல்லப்படுகிறான். அவன் இறப்பைக் கண்டு மனம் மாறிய எதிர்நோக்கின் உருவகமான துணைவன் எஞ்சிய வழி முழுதும் உடன்வருகிறான். ஆற்றில் மூழ்கத் தொடங்கும் தலைவனைத் தாங்கிப் பிடிப்பவன் இவனே. இரு பண்புகளும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும் மொழியில் இவ்விரு துணைவரின் வேறுபாட்டை உணர்த்துதல் அரிது. சொல்லாராய்ச்சி இங்குக் கதையாராய்ச்சியாகவும் ஆகிறது.

நாள் குறித்தல்

வருதலை முதன்மைப்படுத்துவது தன்னுள் ஓர் இடரையும் கொண்டுள்ளது. வருபவர் எப்போது வருவார் என்னும் வினா உடனே எழும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ எதிர்பார்த்து ஏமாந்தனர். தென்னிந்தியாவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. பாலக்காட்டுப் பகுதியில் பிராமணக் குடும்பத்தில் இராமய்யன் என்னும் பெயருடன் பிறந்து கிறித்தவரான ஜஸ்டஸ் யோசேப்பு, திருவிதாங்கூரில் எழுந்த எழுப்புதல் இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவர். கிறித்து 1881இல் மீண்டும் வருவார் என 1875இல் அவர் அறிவித்தார். ஆண்டு வந்தது, வருகை நிகழவில்லை. அவ்வியக்கம் பின்னர் யுயோமயம் என்னும் தனிச்சபையாகச் சுருங்கியது. அவர் இயற்றிய மலையாளப் பாடல்களோ இன்றும் பல சபைகளில் பாடப்படுகின்றன.

கணக்குப் பொய்த்த பின்னும் பாடல் நிலைத்தது என்பது இலக்கியத் திறனாய்வாளர் கருதத்தக்க செய்தியாகும். கணக்கு ஒரு நாளைச் சார்ந்தது. பாடல் வருபவரைச் சார்ந்தது. இவ்வேறுபாட்டைத் தமிழ் அகமரபு மிக முன்னரே நுட்பமாக ஆராய்ந்துள்ளது.

முல்லை: கொன்றையும் அத்தியும்

முல்லைத்திணையின் உரிப்பொருள் இருத்தல். பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. வினைமேற் சென்ற தலைவன் கார்ப்பருவத்தில் மீள்வதாகச் சொல்லிச் செல்கிறான். தலைவி காத்திருக்கிறாள். பருவம் வந்தும் அவன் வாராதபோது எழும் இக்கட்டே பல முல்லைப் பாடல்களின் கரு. குறுந்தொகை 21ஆம் பாடலில் ஓதலாந்தையார் படைத்த தலைவி, கொன்றை பூத்துக் குலுங்கும் காட்டைக் காண்கிறாள். காடு கார் வந்தது என்கிறது. அவளோ அதனை ஏற்க மறுக்கிறாள். அவர் பொய் கூறுபவர் அல்லர் என்பதே அவள் காட்டும் காரணம். கோவர்த்தனாரின் 66ஆம் பாடலில் தோழி, பருவமல்லாப் பருவத்து மழையைக் கார் எனக் கருதிப் பூத்த கொன்றை மரங்களை அறியாமை உடையன என்கிறாள்.

இவ்விரு பாடல்களிலும் அடையாளமும் சொல்லும் முரண்படுகின்றன. பூத்த கொன்றை அடையாளம்; தலைவன் கூறிச் சென்றது சொல். இரண்டனுள் ஒன்றைத் தேரவேண்டிய நிலையில் தலைவி சொல்லைத் தேர்கிறாள். மாற்கு நற்செய்தி 13ஆம் அதிகாரத்திலும் ஒரு மரம் உள்ளது. அத்திமரம் துளிர்விடும்போது கோடை அண்மையில் உள்ளது என அறியலாம் என்று கூறும் அப்பகுதி, சில வரிகளுக்குள்ளேயே அந்நாளையும் வேளையையும் தந்தையன்றி எவரும் அறியார் என முடிக்கிறது. மரம் அண்மையை உணர்த்தலாம், நாளை உணர்த்தாது. போரும் நிலநடுக்கமும் கொள்ளைநோயும் நிகழுந்தோறும் இறுதிநாளைக் கணிப்போர், வம்ப மழையைக் கார் எனக் கொண்ட கொன்றையை ஒப்பர் எனின் அது மிகையாகாது.

அடையாளத்தை முல்லைமரபு முற்றாகத் தள்ளவும் இல்லை. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நற்சொல் கேட்கச் செல்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றுக்கு ஆயர்மகள் ஒருத்தி கூறும் ஆறுதலைத் தலைவிக்கு உரிய விரிச்சியாகக் கொண்டு திரும்புகின்றனர். அவ்விரிச்சி நாளைச் சொல்வதில்லை. வருவர் என்பதை மட்டுமே சொல்கிறது. அது கேட்டும் தலைவியின் கண்ணீர் நிற்பதில்லை. எழுநிலை மாடத்தில் பாவை விளக்கு எரிய அவள் ஆற்றியிருக்கிறாள். இறுதியில் தலைவனின் தேர்க்குதிரைகளின் ஒலி அவள் செவியை நிறைக்கிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் மணமகன் வரக் காலந்தாழ, விளக்கேந்திக் காத்திருக்கும் கன்னியர் பத்துப்பேரின் உவமையை இதனோடு ஒப்புநோக்கலாம். இரண்டிலும் இரவு, விளக்கு, தாழ்த்து வரும் ஒருவர் ஆகியன உள்ளன. இவற்றிடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பது இங்குக் கூறப்படும் கருத்தன்று. காத்திருத்தலின் இலக்கணத்தை இரு மரபுகளும் தனித்தனியே கண்டன என்பதே கருத்து.

வேறுபாடுகள்

இவ்வொப்பீட்டிற்கு எல்லைகள் உள. முல்லைத் தலைவியின் காத்திருத்தல் இருவர்க்கிடையே நிகழ்வது. கிறித்தவ எதிர்நோக்கு ஒரு சமூகத்தினது, அதனினும் விரிந்து படைப்பு முழுமையினது. தலைவனின் வருகையில் தீர்ப்பு இல்லை. கிறித்துவின் வருகையில் ஒடுக்கப்பட்டோர்க்கு நீதி கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்பு நடுவிடம் பெறுகிறது. தலைவன் வந்தபின் மீண்டும் பிரியக்கூடும். கிறித்தவ இறுதியில் பிரிவு இல்லை. ஆகவே முல்லை, இறுதிக்காலக் கோட்பாட்டின் உள்ளடக்கத்தை விளக்காது. காத்திருப்போரின் மனநிலையை மட்டுமே விளக்கும். ஆயினும் அம்மனநிலையைக் குறிப்பதே எல்பிஸ் என்னும் சொல்லின் பணி என்பதால் இவ்விளக்கம் பயனற்றதாகாது.

எதிர்நோக்கு என்னும் சொல்லிலும் குறை இல்லாமல் இல்லை. அது நோக்குதலைச் சொல்கிறது. நோக்கப்படுவது வந்தே தீரும் என்னும் உறுதியைத் தன்னளவில் சொல்வதில்லை. மழையையும் எதிர்நோக்கலாம், தேர்வு முடிவையும் எதிர்நோக்கலாம். தலைவி கொன்றையைப் புறக்கணித்தது அவள் எதிர்நோக்கியதால் மட்டுமன்று. அவன் சொல்லை நம்பியதால். எனவே எதிர்நோக்கு என்னும் சொல், நம்பிக்கையைத் தன் அடியில் கொண்டாலன்றி வெறும் எதிர்பார்ப்பாகத் தேய்ந்துவிடும்.

முடிவுரை

கத்தோலிக்கத் திருச்சபை 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் மையக்கருத்து தமிழில் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என வழங்கப்பெற்றது. இத்தொடரில் இரு திசைகளும் ஒன்றுபடுகின்றன. பயணி போகிறவர், எதிர்நோக்கு வருவதை நோக்குவது. போகின்றவரும் வருகின்றவரும் வழியில் சந்திப்பர் என்னும் பொருளை இத்தொடர் தமிழுக்கு அளித்துள்ளது.

பழைய மொழிபெயர்ப்பின் நம்பிக்கை, நசை என்னும் தொல்பொருளால் பொருத்தமுடையது; இன்றைய வழக்கால் காலப்பொருளை இழந்தது. புதிய மொழிபெயர்ப்பின் எதிர்நோக்கு, எதிர்வு என்னும் இலக்கணக் கருத்தால் காலப்பொருளை மீட்டது. சார்ந்திருத்தலின் உறுதியை வேறொரு சொல்லிடம் விட்டது. இரட்சணிய யாத்திரிகம் போதலைச் சிறப்புறப் பாடியது. வருதலைப் பாடும் இடம் தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இன்னும் அகன்று கிடக்கிறது. அவ்விடத்தை நிரப்ப முற்படுவோர்க்கு நாள்காட்டி துணையாகாது. அடையாளத்தைவிடச் சொல்லைப் பெரிதெனக் கொண்டு, மாலைப்பொழுதில் விளக்கேற்றி ஆற்றியிருந்த முல்லைத் தலைவி துணையாவாள்.